சாயம் என்று பெயர், செய்வது மருந்தின் வேலை

பாராதைராய்டு சுரப்பி ஒவ்வொன்றும் அரிசிமணி அளவுதான் இருக்கும். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கிடக்கும் அதை அறுவையின்போது அடையாளம் காண, மெத்திலீன் ப்ளூ என்னும் சாயத்தை ரத்தக்குழாயில் ஏற்றும் வழக்கம் இருந்தது. சுரப்பி நீலமாகத் தெரியும். பிறகு சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போகும், அவ்வளவுதான் என்று பலரும் நம்பினார்கள். ஆனால் சிலர் கண்விழித்ததும் பிதற்றினார்கள். உடம்பு வியர்த்துக் கொட்டியது, கைகால் உதறியது, விழிகள் நிலைகொள்ளாமல் ஆடின. பெரும்பாலும் அவர்கள் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர்கள்.

ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்லச் செரோட்டோனினை வெளியிடுகிறது. சொல்லி முடித்ததும் அது திரும்ப உறிஞ்சப்பட்டு, மோனோஅமீன் ஆக்சிடேஸ்-ஏ என்ற நொதியால் சிதைக்கப்படுகிறது. மனச்சோர்வு மாத்திரைகளில் பல, திரும்ப உறிஞ்சும் வழியை அடைக்கின்றன. மெத்திலீன் ப்ளூ அந்த நொதியையே முடக்குகிறது என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. மூன்று வளையங்கள் வரிசையாக இணைந்த தட்டையான மூலக்கூறு அது. செரோட்டோனின் போய் அமர வேண்டிய குழிக்குள் அதுவே புகுந்துகொள்கிறது. இரண்டு வடிகாலும் அடைபட்டால் செரோட்டோனின் தேங்கி நஞ்சாகிறது. அதனால்தான் சொல்கிறேன்: உடம்புக்குள் போகும் சாயத்தை மருந்தாகவே எண்ணி விசாரிக்க வேண்டும்.

நூறாண்டுக்கு மேல் புழங்கிய பொருளாயிற்றே, இத்தனை காலம் தெரியாமலா இருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1876இல் துணிக்காக உருவான இந்தச் சாயத்தை, 1891இலேயே மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக் மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கிருமியில் பற்றும் சாயம் கிருமியைத் தாக்கவும் கூடும் என்பது அவர் கணிப்பு. பற்றுவதும் பாதிப்பதும் எவ்வளவு நெருக்கமானவை என்று அன்றே அவருக்குப் பட்டிருக்கிறது! ஆனால் திரும்ப உறிஞ்சும் வழியை அடைக்கும் மனச்சோர்வு மாத்திரைகளில் ஒன்றான ஃப்ளூவாக்ஸெடின் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1987இல்தான். சாயமும் அத்தகைய மாத்திரையும் ஒரே உடம்பில் சந்திக்க அதற்கு முன் வாய்ப்பு குறைவு. கொஞ்சம்தானே ஏற்றுகிறோம் என்பதும் நிற்காது; உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவிலேயே பாதிப்பு பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் இதை ஒதுக்கிவிடலாமா? கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும் மெத்ஹீமோகுளோபினீமியாவில் உயிர் காப்பது இதே சாயம்தான். அந்த அவசரத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை ஏற்றி, நோயாளியைக் கண்காணிப்பார்கள். அவசரமில்லாத சிகிச்சை என்றால், மருத்துவர் சொற்படி மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் எச்சரித்தது. ஃப்ளூவாக்ஸெடினுக்கு மட்டும் ஐந்து வாரம். அது உடம்பைவிட்டு நீங்க அவ்வளவு நாளாகும்.