மேடு தாவும் சிறு வண்டிகள்



சித்திரை விடுமுறையில் ஒருநாள் லிந்துலையில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தேன். அடுத்த மேசையில் இரண்டு இளைஞர்கள் உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மண் மேடுகளைத் தாவி ஓடும் மோட்டோகுரொஸ் பந்தயத்திற்கென்றே செய்யப்படும் 85 சீ.சீ. சிறு மோட்டார் சைக்கிள்களைப் பற்றியது அவர்கள் வாதம். யமஹாவே சிறந்தது என்றார் ஒருவர். கவசாகிக்கு நிகர் வேறொன்றில்லை என்றார் மற்றவர். அருகிலிருந்த முதியவர் நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "எதை வேண்டுமானாலும் வாங்கு மகன், ஆனால் அது என் சேமலாப நிதிக் காசு என்பதை மட்டும் மறந்துவிடாதே" என்றார். ஆயுள் முழுவதும் மலையில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்குபவர், எதை வைத்து ஒரு வண்டியை மதிப்பிட வேண்டும்? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வண்டிகளில் உள்ளது இரண்டடிப்பு எஞ்சின். பட்டறைக்காரர் இதை டூ ஸ்ட்ரோக் என்பர். இது நமக்குப் புதியதன்று. தோட்டங்களில் புல் வெட்டப் பயன்படும் சிறு இயந்திரத்தின் இரைச்சலையும் நீலப் புகையையும் அறியாதவர் நம்மில் யார்? அதுவும் பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இதில் பிஸ்டன் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குவதற்குள் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. நாலடிப்பு எஞ்சினிலோ இருமுறை ஏறி இருமுறை இறங்கினால்தான் ஒரு வெடிப்பு. வால்வுகளும் இதற்கு வேண்டியதில்லை. சிலிண்டரின் சுவரிலுள்ள துவாரங்களைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. ஆகவே பாகங்கள் குறைவு, பாரம் குறைவு, உருவத்துக்கு மிஞ்சிய வலு. ஆனால் ஒரு குறையும் உண்டு. எரிந்த புகை வெளியேறும்போது, எரியாத பெற்றோல் கலவையிலும் ஒரு பகுதி கூடவே வெளியேறிவிடும்.

இக்குறையைப் பெரிதும் நீக்கி வெற்றி கண்டவர், கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் காடன் என்ற பொறியியலாளர். புகைக் குழாயை நடுவே வயிறு பருத்ததாகவும் இரு முனைகளும் ஒடுங்கியதாகவும் அமைத்தால், வெளியேறும் அழுத்த அலையில் ஒரு பகுதி திரும்பி வந்து, தப்பியோடும் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும் என்பதை அவர் செயலில் காட்டினார். 1961ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் பந்தய வீரர் ஏர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது நாட்டைவிட்டுத் தப்பி, பின்னர் ஜப்பானின் சுசுக்கி நிறுவனத்தில் சேர்ந்தார். இவ்வறிவும் அவருடன் சென்றது. மறு ஆண்டே, 50 சீ.சீ. பிரிவில் அவர் சுசுக்கிக்கு உலக வெற்றி தேடிக் கொடுத்தார். மோட்டோகுரொஸில் 125 சீ.சீ. பிரிவுக்கு உலகப் போட்டி 1975இல் தொடங்கியது. அவ்வாண்டு முதல் 1984 வரை பத்து ஆண்டுகளும் பட்டம் சுசுக்கி வண்டிக்கே கிடைத்தது. பருத்த வயிற்றுக் குழாய் இன்று இத்தகைய வண்டிகள் அனைத்திற்கும் பொதுவாகிவிட்டது.

போட்டி வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், வேற்றுமையைவிட ஒற்றுமையே மிகுதியாகத் தெரிவது இதனாலேதான். யமஹா வை.இசட்.85 வண்டியின் சிலிண்டர் அகலம் 47.5 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 47.8. கவசாகி கே.எக்ஸ்.85 வண்டிக்கு அவை 48.5, 45.8. அகலம் மிகுந்து ஓட்டம் குறுகினால் எஞ்சின் விரைந்து சுழல்வது எளிது. எனினும் இங்கே வேறுபாடு ஓரிரு மில்லிமீற்றர்தான். இரண்டிலும் கியர் ஆறு. முன்னே 17 அங்குலமும் பின்னே 14 அங்குலமும் கொண்ட சிறு சக்கர வகையும், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கென 19, 16 அங்குலப் பெரிய சக்கர வகையும் இந்தப் பிரிவில் உண்டு. ஐரோப்பாவின் கே.டி.எம். 85 வண்டிக்குக் கிளச் திரவ அழுத்தத்தால் இயங்குவதால், நெடுநேரம் ஓட்டினாலும் கை அதிகம் களைப்பதில்லை.

உண்மையான வேற்றுமை வேறோரிடத்தில் இருக்கிறது. பருத்த குழாயின் அலை, எஞ்சின் குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது மட்டுமே உரிய கணத்தில் திரும்பி வரும். அவ்வேகத்துக்குக் கீழே வண்டி உறங்கும். அதைத் தொட்டதும் பாயும். தட்டையான நிலத்தில் இது பெரிய குறையன்று. ஆனால் மலைச்சரிவில் ஒரு முடக்கைத் திரும்பி ஏறும்போது உறங்கும் எஞ்சின், பழகாத பையனைக் கீழே தள்ளிவிடும். இதற்காகவே புகைத் துவாரத்தின் உயரத்தை வேகத்துக்கேற்ப மாற்றும் ஒரு கதவை அமைத்தார்கள். அதனால் தாழ்ந்த வேகத்திலும் இழுவை கிடைக்கிறது. யமஹா 85 வண்டி இக்கதவைப் பெற்றது 2019இல்தான். ஆகவே யமஹாவா கவசாகியா என்று கேட்பதற்கு முன், எந்த ஆண்டு வண்டி என்று கேட்பது அறிவுடைமை.

இனி நம் மலைநாட்டுக்கே உரிய ஒன்றைச் சொல்கிறேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. லிந்துலை அதைவிடச் சற்றுத் தாழ்வானது. எனினும் இங்கும் காற்று மெல்லியதே. ஆனால் காபரேட்டரிலுள்ள ஜெட் எனப்படும் சிறு துளை இதை அறியாது. கடற்கரையில் விட்ட அளவு பெற்றோலையே ஏறக்குறைய இங்கும் விடுகிறது. காற்றுக் குறைந்து பெற்றோல் மிகுந்தால், பிளக் கறுக்கும், வண்டி முக்கும், புகை தள்ளும். உடனே நாம் அந்த நிறுவனத்தின் மீது பழி போடுகிறோம். சில நூறு ரூபாய் பெறுமதியான ஜெட் ஒன்றைச் சிறிய துளையுடையதாக மாற்றினால் அதே வண்டி உயிர்பெற்றுப் பாயும். தேநீர்க் கடையில் வாதாடிய இளைஞர்கள் கண்டது இரண்டு நிறுவனங்களின் வேற்றுமை அன்று, இரண்டு ஜெட்களின் வேற்றுமையாகவே இருக்கக்கூடும்!

இதன் மறுபக்கம் இன்னும் கடுமையானது. மலையில் சிறிய ஜெட் பொருத்திய வண்டியை, அதே நிலையில் தாழ்நாட்டுப் பந்தயத்துக்குக் கொண்டு சென்றால், அங்கே அடர்ந்த காற்றுக்குப் பெற்றோல் போதாது. இந்த எஞ்சினுக்கு எண்ணெய் வருவதும் பெற்றோலோடு கலந்துதான். முப்பத்திரண்டு பங்குக்கு ஒரு பங்கு என்றால், ஒரு லீற்றருக்கு 31 மில்லிலீற்றர் எண்ணெய். கலவை வறண்டால் சூடு ஏறும், எண்ணெயும் குறையும். பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். வண்டி அந்தரத்தில் தாவும் கணத்தில் அப்படி நேர்ந்தால் விளைவு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட இறக்கத்தில் பெற்றோல் பிடியை முற்றிலும் மூடி இறங்குவதும் இதே காரணத்தால் தீங்கானது.

பணம் கொடுக்கும் தந்தையர்க்கும் ஒரு சொல். பழைய வண்டி வாங்கும்போது பெயரைப் பார்ப்பதற்கு முன் உதிரிப்பாகங்களை விசாரியுங்கள். ஹொண்டா நிறுவனம் தன் சீ.ஆர்.85 வண்டியை 2007ஆம் ஆண்டோடு நிறுத்தி, அதனிடத்தில் நாலடிப்பு வண்டியைக் கொண்டுவந்தது. நல்ல வண்டிதான், ஆனால் ஒரு பிஸ்டனுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். பந்தய எஞ்சினில் பிஸ்டனும் வளையங்களும் அடிக்கடி மாற்ற வேண்டியவை என்பதால், வாங்கும் விலையைப் போலவே வளர்க்கும் செலவையும் கணக்கிட வேண்டும்.

இறுதியாக ஒன்று. விளக்கும் இலக்கத் தகடும் இல்லாத இவ்வண்டிகள் வீதிக்குரியன அல்ல. தேயிலைச் சரிவுகளுக்கும் உரியன அல்ல. சக்கரம் கிளறிய மண் அடுத்த மழையில் ஆற்றுக்குப் போய்விடும். ஒழுங்கான களமும், தலைக்கவசமும், நெஞ்சுக் காப்பும், நீண்ட சப்பாத்தும் இன்றி ஓட்டவும் கூடாது. பார்வையாளர்க்கும் எச்சரிக்கை தேவை. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில், ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஒன்று மோதி ஏழு பேர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடலாகாது.

எனவே நேயர்களே, எந்த வண்டி சிறந்தது என்று இனி எவரேனும் கேட்டால், எந்த ஆண்டு வண்டி, எந்த உயரத்தில் ஓடப்போகிறது, பாகம் எங்கே கிடைக்கும், ஓட்டுபவனின் கால் தரையைத் தொடுமா என்று திருப்பிக் கேளுங்கள். இவற்றுக்கு விடை கிடைத்தபின், பெற்றோல் தாங்கியின் மேலுள்ள பெயர் எதுவாயினும் ஆகுக. அம்முதியவரின் சேமலாப நிதிக் காசும் வீண்போகாது. அவர் மகனும் பத்திரமாக வீடு திரும்புவான்.