மீளத் தோன்றாத பிழை

பொறிகளினுள்ளே அமைந்து அவற்றை இயக்கும் கணனிகள் இடையறாது தொழிற்படல் வேண்டும். அவை செயலிழப்பின் அருகிருந்து சீர்செய்வாரும் பெரும்பாலும் இரார். ஆதலின், அவற்றின் மென்பொருளை முன்னரே சோதித்தறிதல் இன்றியமையாதது. அச்சோதனை எத்தகையதாதல் வேண்டும் என்பதை 'மார்ஸ் பாத்பைண்டர்' விண்கலத்தின் வரலாறு நன்கு புலப்படுத்தும்.

அமெரிக்காவின் நாசா நிறுவனம் அனுப்பிய இக்கலம் 1997 யூலை 4 ஆம் நாள் செவ்வாயில் இறங்கிற்று. சில நாட்களுள் அதன் கணனி தானே நின்று மீளத் தொடங்கலாயிற்று. அவ்வாறு நேர்ந்தபோதெல்லாம் அன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளுக்குத் தள்ளப்பட்டன.

அக்கணனியில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு முதன்மை வரிசை உண்டு. தரவுகளைப் பங்கிடும் பணி உயர்வரிசையினது. வானிலைத் தரவு திரட்டும் பணி கீழ்வரிசையினது. இவ்விரண்டும் வேண்டிய பொதுச் சாதனமொன்றினை ஒரு வேளையில் ஒரு பணியே கைக்கொள்ளலாம். வானிலைப் பணி அதனைக் கைக்கொண்டிருக்கையில் இடைவரிசைப் பணிகள் குறுக்கிட்டு, அது தன் வேலையை முடிக்கவொட்டாது தடுத்தன. அதனால் உயர்வரிசைப் பணியும் காத்துக் கிடந்தது. அப்பணி உரிய நேரத்தில் முடிவுறாமை கண்ட கண்காணிப்புப் பணி, கணனியை மீளத் தொடக்கிற்று.

புவியிலிருந்த ஒத்த கணனியில் அதே மென்பொருளை இயக்கி, நிகழ்வுகளை ஒழுங்காகப் பதிவுசெய்த பொறியியலாளர் இக்காரணத்தைக் கண்டனர். சாதனத்தைக் கைக்கொண்ட பணி, அதற்காகக் காத்திருக்கும் பணியின் முதன்மையைத் தற்காலிகமாகப் பெறுமாறு செய்வதே பரிகாரம். இம்முறையை ஷா, ராஜ்குமார், லெஹோக்ஸ்கி என்போர் 1990 இல் வெளியான ஆய்வுக்கட்டுரையொன்றில் விரித்துரைத்திருந்தனர். திருத்தம் வானொலி அலைவழியே செவ்வாய்க்கு அனுப்பப்பட, கலம் செப்டெம்பர் இறுதிவரை தரவுகளை வழங்கிற்று.

இப்பிழை கலம் இறங்குமுன் நிகழ்ந்த சோதனைகளிலும் தலைகாட்டியதுண்டு. ஆயினும், தேடியபோது அது மீளத் தோன்றவில்லை. இறங்கும் கட்டத்திற்குரிய மென்பொருளே அன்று முதற் கவனம் பெற்றது. மேலும், செவ்வாயிலிருந்து தரவுகள் எதிர்பார்த்ததினும் விரைவாக அனுப்பத்தக்கனவாயிருந்தமையால் பணிகள் பெருகின. அப்பெருக்கம் பிழையை மிகுவித்தது. அத்துணை நற்பேற்றினை எவரும் சோதித்திலர்.

எனவே, இடர்நிலையை மட்டுமன்றி எதிர்பாராத வளநிலையையும் சோதித்தல் வேண்டும். ஒருமுறை தோன்றி மறைந்த பிழை தீர்ந்த பிழையன்று. அதன் காரணம் அறியப்படும்வரை சோதனை முற்றுப்பெற்றதாகாது.