பூனைக்கும் இரத்தக் கொதிப்பு

பூனைக்கு இரத்தக் கொதிப்பு என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். பகலெல்லாம் உறங்கும் பிராணிக்கு என்ன கவலை என்றும் கேட்கக்கூடும். கவலையினால் வருவதன்று இந்நோய். முதுமையில் சிறுநீரகம் பழுதுற்றாலோ, தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தாலோ பூனையின் இரத்த அழுத்தம் ஏறிவிடுகிறது. தன் குறையைச் சொல்லத் தெரியாத அப்பிராணி, ஒரு நாள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். விழித்திரை பிரிந்து பார்வை போயிருக்கும். பல வீடுகளில் நோய் தெரியவருவதே அன்றுதான்.

முன்னங்காலிலோ வாலிலோ சிறு பட்டையைச் சுற்றி அழுத்தத்தை அளக்கின்றனர். மருத்துவரைக் கண்ட அச்சத்திலேயே அழுத்தம் ஏறுமாதலால், பூனையைச் சற்று நேரம் அமைதியாக இருக்கவிட்டுப் பலமுறை அளந்து சராசரி காண்பர். மேல் அழுத்தம் 160 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீடித்தால் மருந்து தேவைப்படும்.

அம்மருந்து வேறொன்றுமில்லை, நம் வீட்டுப் பெரியவர்கள் உண்ணும் அம்லோடிபின்தான்! இரத்தக் குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் புகுவதை அது தடுக்கிறது. தசை தளர, குழாய் விரிய, அழுத்தம் இறங்குகிறது. வழக்கமான தொடக்க அளவு நாளொன்றுக்கு 0.625 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு. உடனே தொடங்கினால் சில பூனைகளுக்குப் பார்வை ஓரளவு மீள்வதுமுண்டு. டெல்மிசார்டான் என்னும் மருந்தும் திரவ வடிவில் பூனைக்கென்றே 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இதைக் கொண்டு, மனிதர் மாத்திரை எதையும் கிள்ளிக் கொடுக்கலாம் என்று எண்ணுவது பேராபத்து. சில மருந்துகளைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஆஸ்பிரின் அதன் உடலில் நாட்கணக்கில் தங்கும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே அதன் உயிரைப் பறிக்கப் போதும்.

இதய நோய் இன்னொரு வகை. இதயத் தசை தடித்து, இடது மேலறை விரிந்து, அங்கே தேங்கும் இரத்தம் உறைந்துவிடுகிறது. அவ்வுறைகட்டி நகர்ந்து, பெருந்தமனி பிரியுமிடத்தில் அடைத்துக்கொண்டால் பின்னங்கால்கள் செயலிழக்கும். பூனை வலி பொறாது கதறும். பிழைத்த பூனைக்கு மீண்டும் அடைப்பு வராதிருக்க ஆஸ்பிரின் நல்லதா, குளோபிடோகிரெல் நல்லதா? 2015இல் வெளியான ஆய்வொன்றில், மறு அடைப்புக்கான இடைநிலைக் காலம் ஆஸ்பிரின் உண்டவற்றுக்கு 192 நாட்கள். குளோபிடோகிரெல் உண்டவற்றுக்கு 443 நாட்கள். இதிலும் 75 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கே அளவு. கசப்போ சொல்லி முடியாது; நாவில் பட்டால் பூனை நுரை தள்ளித் துப்பிவிடும். எனவே வெற்றுக் காப்சூலில் அடைத்துத்தான் கொடுக்கிறார்கள்.