பழைய டிரக்கில் புதிய ஏ.சி: முதலில் கண்டென்சர்

சென்ற வாரம் கேபினுக்குள் இருக்கும் கூலிங் காயிலையும் புளோயரையும் பார்த்தோம். இந்த வாரம் பானெட்டைத் திறப்போம். 1970களின் செவ்ரோலே சி-10 போன்ற அமெரிக்க பிக்கப் டிரக்குகளைப் புதுப்பிப்பவர்கள் ஏ.சி. என்றதும் முதலில் கைவைப்பது கம்ப்ரசரில்தான். கம்பெனி ஃபிட்டிங்காக வந்த கனத்த ஃப்ரிஜிடேர் ஏ-6 கம்ப்ரசரைக் கழற்றிவிட்டு, ஏறக்குறைய பாதி எடையே உள்ள சாண்டன் கம்ப்ரசரை மாட்டி, புது கேஸ் ஏற்றினால் வேலை முடிந்தது என்று நம்புகிறார்கள். மாற்றுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஏ-6இன் ஷாஃப்ட் சீல் தேய்ந்தால், பெல்ட் சுற்றும் வேகத்தில் சிதறும் எண்ணெய் பானெட்டின் உட்புறத்தில் கருத்த கோடாகப் படிந்திருக்கும். ஆனாலும் வெயிலில் அந்த வண்டி குளிருமா என்பதைத் தீர்மானிப்பது கம்ப்ரசர் அல்ல, கிரில்லுக்குப் பின்னால் நிற்கும் கண்டென்சர்தான்.

காரணம் கேஸில் இருக்கிறது. அந்த டிரக்குகள் ஆர்-12 கேஸுக்காகச் செய்யப்பட்டவை. ஆர்-12 போன்ற குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள்; 1987இல் அவற்றைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது; 1995 முடிவோடு அமெரிக்காவில் ஆர்-12 உற்பத்தி நின்றது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ, 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ அதே அழுத்தத்தில்தான் இருக்கிறது. 60 டிகிரிக்குப் போனால் அதன் அழுத்தம் ஆர்-12ஐவிடச் சுமார் 10 சதவீதம் கூடிவிடுகிறது. கண்டென்சர் எவ்வளவு சூடாக ஓடுகிறதோ, அவ்வளவுக்குப் புது கேஸ் பின்தங்கும். கேபினிலிருந்து உறிஞ்சிய வெப்பத்தோடு, கம்ப்ரசரின் உழைப்பும் வெப்பமாகச் சேர்ந்து வெளியேற வேண்டிய வழி கண்டென்சர் ஒன்றுதான். பழைய கண்டென்சரில் கேஸ் நீண்டு வளைந்த குழாயில் ஓடுகிறது. புதிய பேரலல் ஃப்ளோ கண்டென்சரில் பல தட்டையான அலுமினியக் குழாய்களில், நுண்ணிய துளைகள் வழியே பிரிந்து பாய்கிறது. அதே இடத்துக்குள் கூடுதல் வெப்பத்தை வெளியேற்றுகிறது.

பழைய கண்டென்சரோடு கேஸை மட்டும் மாற்றியவர்களின் வண்டிகள் நன்றாகத்தானே ஓடுகின்றன என்று கேட்கலாம். ஓடுகின்றன, நெடுஞ்சாலையில். எதிர்க்காற்று கண்டென்சர் வழியே அடிக்கும்வரை குறை தெரியாது. ஃபீனிக்ஸ் நகரத்துக் கோடையில், சிவப்பு விளக்கில் ஐடிலில் நிற்கும்போது என்ஜின் ஃபேனும் மெதுவாகச் சுற்றும். அப்போதுதான் வென்ட்டில் வரும் காற்று சூடேறும். ஆகவே கண்டென்சரோடு ஃபேன் ஷ்ரவுடும் சேர்ந்தே வர வேண்டும். ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் இடையிலுள்ள ஓர இடைவெளிகளை ஃபோம் பட்டையால் அடைத்தால், என்ஜின் பக்கத்துச் சூடான காற்று சுற்றிவந்து மறுபடி உள்ளே நுழையாது. செலவு சொற்பம், பலன் பெரிது.

வண்டியின் அசல் தன்மை கெடும் என்ற ஆட்சேபம் மதிக்கத்தக்கது. அதற்கும் கண்டென்சரே விடை. பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது ஏ-6. அதைச் சீல் மாற்றிச் செப்பனிட்டு அங்கேயே வைத்துக்கொள்ளலாம். கிரில்லின் நிழலில் கருப்பு வண்ணத்தோடு நிற்கும் கண்டென்சரை யாரும் அடையாளம் காண மாட்டார்கள். அதற்காக மற்றதையெல்லாம் பழையபடியே விட்டுவிட முடியாது. ஆர்-12உடன் ஓடிய மினரல் ஆயில் ஆர்-134ஏ கேஸில் கரையாது. அதைக் கழுவி எடுத்துவிட்டு பி.ஏ.ஜி. அல்லது எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் வழியே புது கேஸ் மெல்லக் கசியும் என்பதால் உள்ளே நைலான் படலம் கொண்ட பேரியர் ஹோஸ் தேவை. டிரையரும் ஓ-ரிங்குகளும் புதிதாக இருக்கட்டும். பழைய அளவில் 80 முதல் 90 சதவீதம் கேஸ் ஏற்றுங்கள் என்ற வாய்ப்பாடு, கண்டென்சரின் கொள்ளளவு மாறிய பிறகு தோராயத் தொடக்கத்துக்கு மட்டுமே உதவும். அதன்பின் கேஜையும் வென்ட் தெர்மாமீட்டரையும் பார்த்து நிறுத்துவதே சரி.

சந்தேகம் இருப்பவர்கள் ஏதாவது வாங்குவதற்கு முன்பே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, ஏ.சி.யை முழுவதும் திறந்து, கண்டென்சர்மேல் தண்ணீரைத் தூறலாகத் தெளியுங்கள். ஹை சைடு அழுத்தம் சட்டென்று இறங்கி வென்ட் காற்று குளிர்ந்தால், குறை கண்டென்சரிலோ அதன் காற்றோட்டத்திலோதான் இருக்கிறது. கம்ப்ரசருக்கு எடுத்துவைத்த பணத்தை அங்கே செலவழியுங்கள்.

(தொடரும்)