வண்டியின் முன்பக்கம் ஆடுகிறதா? பார்ட்ஸ் வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள்

உக்கடம், கரும்புக்கடை, குறிச்சிப் பகுதிகளில் ஒரு பழைய பிக்கப் வண்டியை நம்பியே வாழும் குடும்பங்கள் நம்மில் பல. மேட்டுப்பாளையம் மண்டிக் காய்கறி, பொள்ளாச்சித் தேங்காய் என்று ஓடும் அந்த வண்டி ஒரு நாள் நின்றாலும் அன்றைய வருமானம் இல்லை.

ரிப்பேர் செலவுக்கு வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் சகோதரர்களிடம் பழுது என்ன என்று விசாரித்தால், "முன்பக்கம் டொக்கு டொக்குனு சத்தம் வருதுங்க, மொத்தமா மாத்தணும்னு சொல்லிட்டாங்க" என்கிறார்கள். எது தேய்ந்தது என்பது தெரிவதில்லை. ஒரு சகோதரர் இரண்டு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினார், சத்தம் நிற்கவில்லை. தேய்ந்திருந்தது ஒரு பால் ஜாயிண்ட். காசும் போனது, ஆபத்தும் அப்படியே இருந்தது. ஆகவே, ஆட்டம் எங்கே என்று கண்டுபிடித்த பிறகே காசை எடுக்க வேண்டும்.

முதலில் டயரைப் பாருங்கள்

இரண்டு முன் டயரிலும் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காற்று குறைந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் அல்லது ஜாயிண்டுகளில் கோளாறு இருக்கலாம். இடையிடையே பள்ளம் விழுந்தது போல் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் மீது சந்தேகம் வர வேண்டும். அதன் மேல் ஆயில் கசிந்திருந்தால் சந்தேகம் உறுதியாகும்.

ஜாக்கி போட்டுச் சோதிக்கும் முறை

லோடை இறக்கிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு அவசியம்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் பால் ஜாயிண்டில் அல்லது கிங் பின்னில்.

இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டைப் பாருங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைக்க, மற்றொருவர் ஒவ்வொரு ஜாயிண்டிலும் கை வைத்துப் பார்த்தாலும் லூஸானது எது என்று பிடிபடும்.

எல்லா வண்டியும் ஒன்றல்ல

டாடா ஏஸ் போல முன்பக்கம் அச்சும் பட்டையும் உள்ள வண்டிகளில் கிங் பின், ஷேக்கிள் புஷ், யூ போல்ட், உடைந்த பட்டை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்காமல் விடுவதே அது சீக்கிரம் தேய முக்கியக் காரணம்.

கீழ் ஆர்ம் மீது காயில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் ஜாக்கியை சேஸிஸில் கொடுத்தால், ஸ்பிரிங் அழுத்தத்தில் பால் ஜாயிண்டின் ஆட்டம் மறைந்துவிடும். கீழ் ஆர்முக்கு அடியில், சக்கரத்தை ஒட்டிக் கொடுத்து, டயருக்குக் கீழே கடப்பாரை வைத்து நெம்பிப் பாருங்கள். சக்கரம் மேலும் கீழும் அசைந்தால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது.

எது பொறுக்கும், எது பொறுக்காது?

புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் சில நாள் பொறுக்கலாம். பால் ஜாயிண்டும் டை ராடு எண்டும் பொறுக்காது. ஓடும்போது பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். டை ராடு எண்ட் கழன்றால் சக்கரம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது. குன்னூர் மலைப்பாதையில் லோடோடு இறங்கும்போது இது நடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. இவை ஆடினால் அன்றைய லோடை விட்டுவிடுங்கள். பழைய இரும்புக் கடையில் கழற்றி விற்கும் ஜாயிண்டையும் வாங்காதீர்கள்.

மாற்றிய பிறகு நட்டுக்குப் புதிய ஸ்பிளிட் பின் போட்டார்களா என்று பாருங்கள், அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது டயரும் சீக்கிரம் தேயும். கழற்றிய பார்ட்ஸைக் கேட்டு வாங்கிக் கையால் அசைத்துப் பாருங்கள்.

8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறை எப்.சி. காட்ட வேண்டும். அந்த ஒரு நாளுக்காக மட்டும் பார்க்காமல், மாதம் ஒரு முறை அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். இனி ரிப்பேருக்குக் கடன் கேட்டு வரும் சகோதரர்கள் எந்த பார்ட் தேய்ந்துள்ளது என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி வாருங்கள். இன்ஷா அல்லாஹ், தேவையான அளவே கடன் வாங்கி, விரைவில் அடைத்துவிடலாம்.