மூன்று கோடியே அறுபது லட்சம் மிஷின்கள்

ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் சிங்கர் கம்பெனி கட்டிய தொழிற்சாலை 1885 முதல் 1980 வரை ஓடியது. அந்த 95 ஆண்டுகளில் அதன் வாசலைத் தாண்டிய தையல் மிஷின்கள் 3 கோடியே 60 லட்சத்துக்கும் அதிகம். உச்சம் 1913. அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 13 லட்சம். ஆண்டுக்கு 300 வேலை நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 4,300, நிமிடத்துக்கு ஏழு. அந்த ஊர் ரயில் நிலையம் ஒன்றின் பெயர் இன்றும் 'சிங்கர்'தான்.

பழைய கால்மிதி மிஷின்களைச் சேர்க்க ஆசைப்படுகிறவர் எந்த விலையையும் கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய எண் அந்த 3 கோடியே 60 லட்சம். கைச்சக்கர மிஷின், மின்சார மிஷின் எல்லாம் இதில் அடக்கம். ஆனாலும் நூற்றுக்கு ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்று கொண்டால்கூட, ஒரே ஒரு தொழிற்சாலையின் மிச்சம் 3,60,000. அமெரிக்காவில் எலிசபெத்போர்ட், ஜெர்மனியில் விட்டன்பெர்க, ரஷ்யாவில் பதோல்ஸ்க் ஆகிய ஊர்களில் இருந்த சிங்கர் தொழிற்சாலைகளின் கணக்கு தனி. பழசு வேறு, அரிது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்குகிறவர்தான் அதிகம் கொடுத்து ஏமாறுகிறார்.

"நூறு வருஷத்து மிஷின், சார்" என்று சொல்லித்தான் விலை ஆரம்பமாகும். சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. தலையின், அதாவது பலகைமேல் உட்காரும் இரும்பு மிஷினின், வலப்பக்கம் அடிப்பலகையில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 1900-இலிருந்து சிங்கர் அந்த எண்ணுக்கு முன்னால் எழுத்துச் சேர்த்தது. எஃப், ஒய் என்றால் கிளைட்பாங்க்; ஜி என்றால் எலிசபெத்போர்ட்; சி என்றால் விட்டன்பெர்க. எழுத்துக்குப் பின்னால் வரும் எண் பல சமயம் ஏழு இலக்கம். ஏழு இலக்கம் ஓடிய வரிசையில் ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. சில மிஷின்களில் '1851–1951' என்று நீல வளையத்தோடு ஒரு வில்லை இருக்கும். அது கம்பெனியின் நூற்றாண்டு வில்லை. அதில் முதல் எண்ணை மட்டும் படித்து 1851-இல் செய்தது என்று விற்பவர்கள் உண்டு. கணக்கு நூறு ஆண்டு பிசகும்.

உண்மையில் அரிதானவை எவை? 1853-இல் சிங்கர் விற்றது 810 மிஷின். அதே ஆண்டு போட்டிக் கம்பெனியான வீலர் அண்ட் வில்சன் விற்றது 799. 1876-க்கு வரும்போது சிங்கரின் எண்ணிக்கை 2,62,316. வீலர் அண்ட் வில்சன் 1,08,997. இருபத்து மூன்று ஆண்டுகளில் சிங்கர் 320 மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. 1860-க்கு முந்தைய மிஷின் கிடைத்தால் அதை அரிது என்று சொல்லலாம். நம் ஊர்ப் பழைய இரும்புக்கடையில் அது கிடைக்காது.

அந்தப் பெருக்கத்துக்குப் பின்னால் ஒரு பணக்கணக்கு இருக்கிறது. 1856-இல் சிங்கரின் குடும்ப மிஷின் விலை 125 டாலர். அன்றைய அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 500 டாலர். மூன்று மாதச் சம்பளத்தை ஒரு மிஷினுக்கு யார் கொடுப்பார்கள்? எட்வர்டு கிளார்க் என்ற கூட்டாளி அந்த ஆண்டே தவணை முறையைக் கொண்டுவந்தார்: 5 டாலர் முன்பணம், மீதி மாதாமாதம். அதே 1856-இல் சிங்கர், வீலர் அண்ட் வில்சன், குரோவர் அண்ட் பேக்கர், எலியாஸ் ஹோவ் ஆகிய நான்கு தரப்பும் தங்கள் காப்புரிமைகளை ஒரே கூட்டாகச் சேர்த்தன. வெளியார் மிஷின் செய்தால் ஒன்றுக்கு 15 டாலர் கட்ட வேண்டும். அதில் 5 டாலர் ஹோவுக்கு. 1860-இல் அது 7 டாலராக இறங்கியது, 1877-இல் கூட்டே முடிந்தது. பிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகி விலை சரிந்தது. அதே 1877-இல் சிங்கர் இலங்கையில் கடை திறந்தது. நம் பாட்டிமார் வீடுகளுக்கு மிஷின் வந்து சேர்ந்த பாதை இது.

வாங்கியவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1861-இல் வீலர் அண்ட் வில்சன் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. ஆண்கள் சட்டை ஒன்று கையால் தைக்க 14 மணி 26 நிமிடம். மிஷினில் 1 மணி 16 நிமிடம். சாதாரணப் பருத்தி கவுன் கையால் 6 மணி 37 நிமிடம். மிஷினில் 57 நிமிடம். விற்பவர் தந்த கணக்கு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். பாதியாகக் குறைத்தாலும் சட்டை ஐந்து மடங்குக்கு மேல் வேகமாக முடியும். நான் இதை வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்வேன். ஸ்டாண்டின் கீழ்ச் சக்கரம், மேலே தலையில் பெல்ட் ஓடும் பள்ளத்தைப்போல் சுமார் நான்கு மடங்கு அகலம். மிதிபலகை ஒருமுறை முன்னும் பின்னும் சாய்ந்தால் ஊசி நான்கு முறை இறங்கும். நிமிடத்துக்கு நூறு மிதி என்பது பழகிய காலுக்குச் சிரமமில்லை, 400 தையல். அங்குலத்துக்கு 12 தையல் என்றால் 33 அங்குல நீளம், மின்சாரச் செலவு பூஜ்யம்.

சேகரிப்பவரின் செலவுக் கணக்கு ஊசியில் தொடங்குகிறது. வீலர் அண்ட் வில்சனின் பழைய மிஷின்கள் வளைந்த ஊசி கேட்பவை. சிங்கரின் 1865-ஆம் ஆண்டு 'நியூ ஃபேமிலி', அதாவது அதன் மாடல் வரிசையில் 12-ஆம் வகுப்பு, தனக்கென்று ஒரு ஊசி வைத்திருக்கிறது. இரண்டுக்கும் பக்கத்துத் தெருவில் ஊசி கிடையாது. தேடிப் பிடித்தால் ஒற்றை ஊசிக்குக் கொடுக்கும் காசில் சாதாரண ஊசி பல பாக்கெட் வாங்கலாம். சிங்கரின் 15, 27, 28, 66, 201 ஆகிய வகுப்புகள் எல்லாமே இன்று எந்த நூல் கடையிலும் கிடைக்கும் ஒருபக்கம் தட்டையான வீட்டு மிஷின் ஊசியை ஏற்கும். 27-க்கும் 28-க்கும் தோட்டாபோல நீண்ட ஷட்டில், ஒல்லியான பாபின். அது இல்லாத தலையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் ஷட்டில் தேடும் செலவைக் கூட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால் நம் ஊரில் சேகரிப்பைத் தொடங்க 15-ஆம் வகுப்பைச் சேர்ந்த 15கே மிஷினுக்கு ஈடில்லை. காரணம் எளிது. கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 1930-களில் செய்யத் தொடங்கிய உஷா முதல் நம் கறுப்பு மிஷின்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பைத்தான் பின்பற்றின. அதனால் வட்ட பாபினும் பாபின் கேஸும் ஓரிரு நூறு ரூபாய்க்குள் முடியும். கேஸின் கொம்பு பதினொரு மணிப் பக்கம் நிற்கிறதா, ஒரு மணிப் பக்கம் நிற்கிறதா என்று மட்டும் பழையதோடு வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

எடைக்கு வருவோம். தலை மட்டும் 13 கிலோ அளவில் இருக்கும். ஸ்டாண்டும் பலகையும் சேர்ந்தால் 35 முதல் 40 கிலோ. பலகை சுமார் 3 அடிக்கு ஒன்றரை அடி. உட்கார்ந்து மிதிக்க இடம் விட்டால் ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி. பத்து மிஷின் சேர்த்தால் பத்துக்குப் பத்து அறை ஒன்று போய்விடும், தளத்தின் மேல் 400 கிலோ ஏறும். பலர் ஸ்டாண்டைக் கழற்றித் தள்ளுவது இங்கேதான். வார்ப்பிரும்பு ஸ்டாண்டு 25 கிலோ, காயலான் கடையில் கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 750 ரூபாய். அதே ஸ்டாண்டு மேலே கண்ணாடி ஏறி ஹோட்டல் மேஜையாகும்போது பல மடங்கு விலை பேசுகிறது. தலையும் ஸ்டாண்டும் பிரிந்துவிட்டால் பிறகு பொருத்தமாகச் சேர்ப்பது கடினம். பிரிந்த தலை அலமாரியில் பொம்மையாகும், அவ்வளவுதான். இந்த நஷ்டம் எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

ஓட்டத்துக்குக் கொண்டுவரும் செலவு மிகக் குறைவு: 72 அங்குலத் தோல் பெல்ட் ஒன்று, மிஷின் எண்ணெய் ஒரு குப்பி, பழைய துணி. இறுகிப்போன மிஷின்களில் பல உடைந்தவை அல்ல. தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசுக்கேறியவை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் துடைத்து, பிறகு மிஷின் எண்ணெய் விட்டால் சக்கரம் அசையும். ஸ்பிரிட் மட்டும் வேண்டாம். பொன்னிறப் பூவேலைக்கு மேல் பூசியிருப்பது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும், பூவேலையும் கூடப் போகும்.

விலை எவ்வளவு பைத்தியமாக ஏற முடியும் என்பதற்கும் ஒரு எண் சொல்கிறேன். 2009 ஏப்ரலில் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் மிஷின்களின் ஊசியில் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது என்ற வதந்தி கிளம்பியது. செல்போனை ஊசியருகே பிடித்து, தொடர்பு அறுந்தால் பாதரசம் இருக்கிறது என்று சோதித்தார்கள். ஒரு மிஷின் 2 லட்சம் ரியால்வரை விலை போனது. அப்படியொரு பொருள் அந்த மிஷின்களில் இல்லவே இல்லை. காவல்துறை இதை மோசடி என்று விசாரித்தது. இதே கதையை உங்களிடம் யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேரத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கால்மிதி மிஷின் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் நான்கைப் பாருங்கள்: சக்கரம் சுற்றுகிறதா, ஊசி மேலும் கீழும் போகிறதா, பாபின் கேஸ் அல்லது ஷட்டில் உள்ளே இருக்கிறதா, ஸ்டாண்டு முழுசாக இருக்கிறதா. நான்கும் இருந்தால் அது தைக்கும். உங்களுக்கு வேண்டாமென்றால், தைக்கத் தெரிந்த ஒருவருக்கு ஸ்டாண்டோடு கொடுங்கள்.