மரபணுவில் ஒரு பகுதி இல்லை என்றால் என்ன பொருள்?

தசைச் சிதைவு நோய்க்காக மரபணுப் பரிசோதனை செய்துகொண்ட சிறுவர்களின் பெற்றோர், அறிக்கை கைக்கு வந்ததும் எத்தனை பகுதிகள் இல்லை என்பதையே முதலில் எண்ணிப் பார்க்கின்றனர். ஒரு சிறுவனின் அறிக்கையில் ‘45ஆம் எக்சான் நீக்கம்’ என்றிருக்கும். மற்றொருவனுடையதில் ‘45 முதல் 47 வரையிலான எக்சான்கள் நீக்கம்’ என்றிருக்கும். மூன்று பகுதிகள் இல்லாதவனைவிட ஒன்று மட்டும் இல்லாத நம் பிள்ளைக்கு நோய் இலேசாகவே இருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் நிகழ்வதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. முதல் சிறுவனுக்கு வருவது, சிகிச்சை இல்லாவிடில் 12 வயதையொட்டி நடையைப் பறித்துவிடும் டுச்சேன் வகை. இரண்டாமவனுக்கு வருவது, வாலிபத்திலும் அதற்குப் பின்னும் நடக்க இடம் தரும் பெக்கர் வகை. மருந்துத் தேர்வும் அடுத்த குழந்தை பற்றிய முடிவும் அறிக்கையைச் சரியாகப் புரிந்துகொள்வதைச் சார்ந்தவை. ஆதலால் இதனைச் சற்று விரிவாகவே விளக்குகிறோம்.

இந்த நோய்க்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. மனிதனிடம் உள்ள மரபணுக்களுள் மிக நீளமானவற்றுள் ஒன்று இது. ஏறத்தாழ 22 லட்சம் எழுத்துகள் கொண்டது. இவற்றில் புரதம் செய்வதற்கான குறிப்பு 79 துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. இத்துண்டுகளே எக்சான்கள். உடல் அவற்றை மட்டும் பிரித்தெடுத்து வரிசையாக ஒட்டி, அந்தக் குறிப்பின்படி டிஸ்ட்ரோபின் என்னும் புரதத்தைச் செய்கிறது. அப்போது எழுத்துகளை மூன்று மூன்றாகவே படிக்கிறது. மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது.

தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ‘அவன் மரம் நடும் இடம் இதுவே’ என்னும் வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் மூன்றெழுத்துச் சொல். இதிலிருந்து ‘மரம்’ என்பதை முழுவதுமாக நீக்கினால் ‘அவன் நடும் இடம் இதுவே’ என்று நிற்கும். சொல் ஒன்று குறைந்தாலும் பொருள் கெடவில்லை. இனி ‘மரம்’ என்பதன் முதல் எழுத்தை மட்டும் நீக்கி, மறுபடியும் மூன்று மூன்றாகப் பிரித்துப் படியுங்கள்: ‘அவன் ரம்ந டும்இ டம்இ துவே’. நீங்கியது ஒரே எழுத்து. கெட்டதோ அதற்குப் பின்னுள்ள அனைத்தும்.

மேற்சொன்ன இரு சிறுவர்களின் நிலையும் இத்தகையதே. 45ஆம் எக்சானில் 176 எழுத்துகள் உள்ளன. இது மூன்றால் மீதியின்றி வகுபடாத எண். ஆகவே அது மட்டும் நீங்கினால் அடுத்து வரும் சொற்களெல்லாம் பிறழ்ந்துபோகின்றன. சற்றுத் தொலைவிலேயே ‘இங்கே நிறுத்து’ என்னும் பொருள்படும் மூன்றெழுத்து தற்செயலாக அமைந்துவிட, புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. 46ஆம் எக்சானில் 148 எழுத்துகளும் 47இல் 150 எழுத்துகளும் உள்ளன. மூன்றும் சேர்ந்து நீங்கினால் இழப்பு 474 எழுத்துகள், அதாவது சரியாக 158 சொற்கள். மீதியைப் பிழையின்றிப் படிக்க முடிகிறது.

டிஸ்ட்ரோபினின் வேலையை அறிந்தால் இதன் விளைவும் விளங்கும். தசையணுவின் உட்சட்டகத்தையும் அதன் உறையையும் பிணைக்கும் கயிறு போன்றது அது. இரு முனைகளிலும் முடிச்சு இருக்குமாயின், நடுவில் சற்றுக் குட்டையான கயிறும் ஓரளவு தாங்கும். பாதியில் அறுந்த கயிறு எத்தனை நீளமாயினும் பயனில்லை. தாங்கும் கயிறு இல்லாத தசையணு ஒவ்வொரு அசைவிலும் சிறிது சிறிதாகக் கிழிகிறது. இந்தப் புரதத்தின் 46 விழுக்காட்டை இழந்தும் 61 வயதில் நடமாடிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி 1990ஆம் ஆண்டில் மருத்துவ உலகம் அறிந்தது. மரபணுவைச் சுருக்கி உடலுக்குள் செலுத்தும் இன்றைய மரபணு மருத்துவத்துக்கு வித்திட்ட செய்திகளுள் அதுவும் ஒன்று. அச்சிகிச்சை 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனினும் கல்லீரல் செயலிழந்து உயிரிழப்பு நேர்ந்ததும் உண்டு என்பதை, அதைப் பற்றி ஆவலோடு கேட்போரிடம் மறைக்காமல் சொல்லிவருகிறோம்.

ஆகவே, அறிக்கையில் நீங்கள் தேட வேண்டிய சொல் ‘இன்-ஃபிரேம்’ அல்லது ‘அவுட்-ஆஃப்-ஃபிரேம்’ என்பது. முன்னது படிப்பு பிறழவில்லை என்றும், பின்னது பிறழ்ந்துவிட்டது என்றும் பொருள்படும். இந்த விதி பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குப் பொருந்துகிறது. பொருந்தாத சிலரும் இருப்பதால், அறிக்கையை மட்டும் பார்த்து வருங்காலத்தை முடிவு செய்வதில்லை; குழந்தையின் வயதையும் நடையையும் சேர்த்தே பார்க்கிறோம்.

நோயுற்றோருள் ஏறத்தாழ மூவரில் இருவரிடம் காணப்படுவது நீக்கமே. வேறு சிலரிடம் ஒரு பகுதி இரட்டித்திருக்கும். இன்னும் சிலரிடம் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். எம்.எல்.பி.ஏ. என்னும் முதற்பரிசோதனை 79 எக்சான்களும் உள்ளனவா என எண்ணிப் பார்க்குமேயன்றி, எழுத்துப் பிழைகளை முழுமையாகத் தேடாது. அதில் குறையொன்றும் தென்படவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது. எழுத்தெழுத்தாகப் படிக்கும் அடுத்த பரிசோதனையும் தேவைப்படும்.

எக்சான் தாண்டல் மருந்துகளின் அடிப்படையும் இதே கணக்குத்தான். 50ஆம் எக்சான் இல்லாதவனுக்கு 109 எழுத்துகள் குறைவு, படிப்பு பிறழ்கிறது. 233 எழுத்துகள் கொண்ட 51ஆம் எக்சானையும் தாண்டிச் செல்லுமாறு செய்தால் இழப்பு 342 ஆகி மூன்றால் வகுபடுகிறது. 51ஐத் தாண்டச் செய்யும் மருந்து 2016இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. ஆனால் அதனால் உருவாகும் புரதம் மிகச் சிறிய அளவே. மேலும் எல்லா நீக்கங்களுக்கும் அது பொருந்தாது. இன்றைய நிலையில் நடையைச் சில ஆண்டுகள் நீட்டித்துத் தருபவை பிரெட்னிசலோன், டெஃப்ளசகார்ட் ஆகிய ஸ்டீராய்டு மருந்துகளே. முகம் பருக்கிறது, எடை கூடுகிறது என்று அவற்றை நீங்களாகத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

குடும்பத்தில் எழும் பழிச்சொற்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். மகனுக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்து வருகிறது என்று தெரிந்ததும், சில வீடுகளில் தாயைக் குற்றவாளியாக்கிவிடுகின்றனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குச் சிறுவர்களுக்கு இந்தப் பிழை தாயின் இரத்தத்தில் இல்லாமல் புதிதாகவே தோன்றியது. தாயிடம் இருந்தாலும், கருவுறுமுன் அவர் அறிந்திருக்கவோ தடுத்திருக்கவோ வழியில்லை. அத்தை மகனையோ மாமனையோ மணந்ததால் வந்தது என்பதும் இந்நோய்க்குப் பொருந்தாது. மகன் நோயுறத் தந்தையின் மரபணு தேவையே இல்லை. முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய், அதாவது எஸ்.எம்.ஏ., வேறு வகை. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேரிடம் எஸ்.எம்.என்.1 மரபணுவின் ஒரே பகுதி, பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த இரு படிகளிலும் காணாமற்போயிருக்கும். அங்கே உறவுமுறைத் திருமணம் ஆபத்தைக் கூட்டும். இரு நோய்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டுச்சேன் நோயில் தாய் பிழையைச் சுமப்பவராயின், ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் அதைச் சுமப்பவளாக இருக்கவும் அதே வாய்ப்பு. இரத்தத்தில் பிழை தென்படாத தாயின் கருமுட்டைகள் சிலவற்றில் அது மறைந்திருக்கவும் கூடும். ஆகவே அடுத்த கருவையும் சோதிப்பதே நல்லது. சுமக்கும் பெண்களுக்கு இதயத்தசை பலவீனமடைய வாய்ப்புண்டு. அவர்களும் எக்கோ பரிசோதனையைக் குறித்த காலந்தோறும் செய்துகொள்ள வேண்டும். பிள்ளைக்காக மாதந்தோறும் வரும் அன்னையர் பலர் தமக்கென ஒரு முறையும் செய்துகொள்வதில்லை.

கருவைச் சோதிப்பதற்கான மாதிரி 11 முதல் 13 வாரங்களுக்குள் எடுக்கப்படுகிறது. எதைத் தேடுவது என்று ஆய்வகத்துக்குச் சொல்வது மூத்த பிள்ளையின் அறிக்கைதான். அது இல்லாமல் பத்தாம் வாரத்தில் வருவோருக்குக் காலம் போதாமற்போகிறது. அடுத்த குழந்தையை எண்ணும்போதே அவ்வறிக்கையுடன் எங்களிடம் வாருங்கள். தாயின் உடன்பிறந்த சகோதரிகளுக்கும் அதன் நகல் ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.